சென்னையிலிருந்து சாங்கி: தூரம் ஒன்று, நேரம் பல

என் சித்தப்பா முதல்முறையாகச் சிங்கப்பூர் கிளம்பியபோது டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கணக்குப் போட்டார். இரவு 11.15க்குச் சென்னையில் ஏற வேண்டும், காலை 6.10க்குச் சாங்கியில் இறங்க வேண்டும். "ஏழு மணி நேரமாடா? டெல்லிக்கே மூணு மணி நேரத்துல போயிடுறாங்களே!" என்றார். திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்த்ததும் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. அங்கே இரவு 8.15க்குப் புறப்பாடு, இங்கே 9.50க்கு வருகை. "போறதுக்கு ஏழு மணி, வர்றதுக்கு ஒண்ணரை மணியா? என்னமோ தப்பா அடிச்சிருக்கான். போன் போட்டுக் கேளு."

டிக்கெட்டில் தப்பில்லை. அதில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படி இருக்கும். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே போகும்போது வரும் வித்தியாசத்திலிருந்து இரண்டரையைக் கழிக்க வேண்டும்: 6 மணி 55 நிமிடம், கழித்தால் 4 மணி 25 நிமிடம். வரும்போது கூட்ட வேண்டும்: 1 மணி 35 நிமிடம், கூட்டினால் 4 மணி 5 நிமிடம். கிழக்கே போனால் கழி, மேற்கே வந்தால் கூட்டு. இந்த அத்தியாயத்தில் இதை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாலும் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மீதிப் பாதி, அந்த 4 மணி 25 நிமிடம் உண்மையில் எதன் கணக்கு என்பதில் இருக்கிறது.

தூரம்

சென்னை விமான நிலையத்துக்கும் சாங்கிக்கும் நேர்தூரம் சுமார் 2,920 கிலோமீட்டர். ஒருவர் 2,920 என்பார், இன்னொருவர் 1,815 என்பார், விமானி 1,578 என்பார். மூவர் சொல்வதும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். கப்பல்காரர்கள் வைத்திருந்த அளவையே விமானக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். எங்காவது தூரத்தைப் பார்த்தால் முதலில் அலகைப் பாருங்கள்.

நேர்தூரம் என்பது பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துக் கட்டினால் வரும் தூரம். உலக உருண்டை வீட்டில் இருந்தால் நிஜமாகவே ஒரு நூலை வைத்துப் பாருங்கள். நூல் மீனம்பாக்கத்தில் தொடங்கி, வங்காள விரிகுடாவின் குறுக்கே தென்கிழக்காக இறங்கும். பாதி வழியைத் தாண்டியதும் பெரிய நிக்கோபார் தீவின் தென்முனைக்குச் சற்றுக் கீழே போகும். அந்த முனைதான் இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை. 2004 சுனாமியின்போது நிலம் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் காலடிக்கே கடல் வந்துவிட்டது. அடுத்து நூல் சுமத்ராவின் வடமுனையான அச்சேயை உரசிக்கொண்டு மலாக்கா நீரிணைக்குள் நுழையும். பிறகு நீரிணையின் நீளவாக்கிலேயே போய்ச் சிங்கப்பூரில் முடியும்.

நிக்கோபார், அச்சே, மலாக்கா நீரிணை. இந்த வரிசையை வேறெங்கோ கேட்டது போல இருக்கிறதா? முதலாம் இராசேந்திரன் 1025 வாக்கில் அனுப்பிய கடற்படை வென்ற இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அடுக்குகிறது. அதில் வரும் நக்கவாரம்தான் நிக்கோபார், இலாமுரி தேசம்தான் அச்சேப் பக்கம், கடாரம்தான் மலேசியாவின் கெடா. பாய்மரம் போன தடத்தின் மேலேதான் இன்று இரவு விமானத்தில் நாம் கால் நீட்ட இடமில்லாமல் தூங்கப் பார்க்கிறோம். பகல் விமானம் கிடைத்து, மேகமும் இல்லாவிட்டால், கிளம்பி இரண்டு மணி நேரத்தில் நிக்கோபார் தெரிகிறதா என்று சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருங்கள். தடம் நாளுக்கு நாள் சற்று மாறும் என்பதால் எந்தப் பக்கத்துச் சன்னல் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் இடப்பக்கம்தான் வாங்குவேன்.

விமானம் நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் போகாது. வானத்தில் வகுத்து வைத்த தடங்களில் போகும். மழைமேகம் குறுக்கே வந்தால் விலகும். இறங்கும்போது வரிசையில் நிற்கும். அதனால் உண்மையில் பறக்கும் தூரம் நேர்தூரத்தைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். பயணிக்கு அதனால் ஆகப்போவது எதுவுமில்லை, எனவே 2,920ஐயே வைத்துக்கொள்வோம்.

நான்கு நேரங்கள்

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால் நான்கு விதமாகப் பதில் சொல்லலாம். சண்டையெல்லாம் ஒருவர் ஒன்றையும் இன்னொருவர் வேறொன்றையும் மனதில் வைத்துப் பேசுவதால் வருவதுதான்.

ஒன்று, சக்கரம் தரையை விட்டு எழுந்து மறுபடி தரையைத் தொடும்வரை ஆகும் நேரம். இந்தத் தடத்தில் அது பெரும்பாலும் நான்கு மணிக்கு உள்ளேதான். விமானி மைக்கில் "நம் பயண நேரம் 3 மணி 45 நிமிடம்" என்று அறிவிப்பது இதைத்தான்.

இரண்டு, டிக்கெட் நேரம். கேட்டிலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளும் நொடியில் தொடங்கி, அந்த ஊர் கேட்டில் போய் நிற்கும் நொடியில் முடிவது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் ஐந்தாறு விமானம் நின்றால் காத்திருப்பது, இறங்கியபின் மறுபடி ஊர்வது எல்லாம் இதில் அடக்கம். அதோடு விமான நிறுவனங்கள் கொஞ்சம் உபரி நேரத்தையும் சேர்த்துத்தான் அட்டவணை போடுகின்றன. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் "சரியான நேரம்" என்பதுதான் அந்தத் தொழிலில் வழக்கமான கணக்கு. உங்கள் விமானம் அரைமணி தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு இறங்கினால், விமானி விரட்டி ஓட்டினார் என்று நினைக்க வேண்டாம். அட்டவணையிலேயே அதற்கு இடம் விட்டிருந்தார்கள்.

மூன்று, கடிகாரம் காட்டும் நேரம். சித்தப்பாவைக் குழப்பியது.

நான்கு, வீட்டுவாசலிலிருந்து போய்ச் சேரும் வீட்டின் வாசல் வரை ஆகும் நேரம். திட்டம் போடுகிறவருக்கு வேண்டியது இது ஒன்றுதான். இதை யாரும் டிக்கெட்டில் அச்சடிப்பதில்லை.

டிக்கெட் நேரத்தை நீங்களே உத்தேசமாகக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து 850ஆல் வகுத்து, வரும் மணியோடு முக்கால் மணியைச் சேருங்கள். இப்போதைய ஜெட் விமானங்கள் உயரே சீராகப் பறக்கும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 850 கிலோமீட்டர். ஊர்வதற்கும், மெதுவாக ஏறி இறங்குவதற்கும் அந்த முக்கால் மணி. சென்னை–சாங்கிக்குப் போட்டால் 3 மணி 26 நிமிடம், முக்காலைச் சேர்த்தால் 4 மணி 11 நிமிடம். சென்னை–கோலாலம்பூர் 2,630 கிலோமீட்டர். விடை 3 மணி 51 நிமிடம். சிங்கப்பூர்–கோலாலம்பூர் வெறும் 300 கிலோமீட்டர்தான், ஆனாலும் விடை ஒரு மணியைத் தாண்டிவிடும், அட்டவணையும் அப்படித்தான் சொல்லும். தூரம் குறையக் குறைய, அந்த முக்கால் மணி நேரமே பயணத்தைத் தின்றுவிடுகிறது.

போவது ஏன் நீள்கிறது?

கிழக்கே போகும் விமானம் சீக்கிரம் போகும், மேற்கே வருவது தாமதமாகும் என்று ஒரு பேச்சு உண்டு. டோக்கியோ, சோல் பக்கம் அது உண்மை. அங்கே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று பலமானது. அந்தக் காற்று வட இந்தியா, சீனா, ஜப்பான் மேலே ஓடுகிறது. சென்னை–சிங்கப்பூர்த் தடம் அதற்கு வெகு தெற்கே, நிலநடுக்கோட்டை ஒட்டிப் போவது. இங்கே அந்தப் பாடம் செல்லாது.

இங்கே, குறிப்பாக ஜூன் முதல் செப்டம்பர் வரை, நிலைமை தலைகீழ். தரையில் நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் அதே மாதங்களில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று ஓடுகிறது. அதை 1958இல் விவரித்து எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அதன் நடுமையம் நம் விமானங்கள் பறப்பதைவிட உயரத்தில் இருந்தாலும் ஓரத்துக் காற்று விமானத்தில் படும். சிங்கப்பூர் போகும்போது எதிர்க்காற்று, ஊர் திரும்பும்போது முதுகில் தள்ளும் காற்று.

எவ்வளவு வித்தியாசம் வரும்? மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 850 என்பது 790 ஆகிவிடும். 2,920ஐக் கடக்க 3 மணி 42 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 910, நேரம் 3 மணி 13 நிமிடம். போவதற்கும் வருவதற்கும் இடையே அரைமணி வித்தியாசம். டிக்கெட்டில் போவதற்குக் கூடுதலாகவும் வருவதற்குக் குறைவாகவும் நேரம் போட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சின்ன விஷயம், இருக்கைத் திரையில் வரைபடம் பார்க்கிறவர்களுக்கு. கிழக்கே போகும்போது உயரம் 35,000, 37,000, 39,000 அடி என்று ஒற்றைப்படை ஆயிரத்தில் இருக்கும். மேற்கே வரும்போது 36,000, 38,000 என்று இரட்டைப்படை. எதிரெதிர் விமானங்கள் ஒரே மட்டத்தில் வராமலிருக்க வைத்த ஏற்பாடு. பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லி அசத்தலாம்.

மழையும் நேரத்தைத் தின்னும். சிங்கப்பூரில் ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியும் முன்னரே சுமத்ராப் பக்கமிருந்து இடிமழை ஒரு வரிசையாகக் கிளம்பி வந்து ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டிவிட்டுப் போவதுண்டு. சென்னையிலிருந்து இரவில் கிளம்பிய விமானங்கள் இறங்கும் வேளையும் அதுதான். வானத்தில் வட்டமடிக்க வைத்தால் பதற வேண்டாம். நம் பக்கம் பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் புயல். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். மற்றொன்று போகி. அன்று விடியற்காலையில் ஊரே பழையதைக் கொளுத்தும் புகையில் ஓடுபாதை தெரியாமல் போனதுண்டு. பொங்கலுக்கு வருகிறவர்கள் போகியன்று காலை சென்னையில் இறங்கும்படி டிக்கெட் எடுக்காமலிருப்பது நல்லது.

அந்த இரண்டரை மணி நேரம்

சூரியனை மட்டும் கேட்டால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வித்தியாசம் இரண்டரை மணி நேரம் கிடையாது. இரண்டுக்கும் இடையே தீர்க்கரேகை வித்தியாசம் ஏறக்குறைய 24 பாகை, பாகைக்கு 4 நிமிடம். மொத்தம் 95 நிமிடம்தான். மிச்சம் 55 நிமிடத்தை மனிதர்கள் சேர்த்தார்கள். மலேசியா தன் மேற்கு, கிழக்குப் பகுதிகளுக்கு ஒரே நேரம் வைக்க முடிவுசெய்தபோது, சிங்கப்பூரும் கூடவே 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிவைத்தது. அதற்கு முன் நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசமே இருந்தது.

பயணிக்கு இதில் என்ன? சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பொழுது விடிய ஏழு மணி ஆகிவிடும். 6.10க்கு இறங்கினால் கும்மிருட்டு. உங்கள் உடம்புக்கு அப்போது மணி 3.40. இந்தத் தடத்தில் ஆளை அசத்துவது நேர வித்தியாசத்தைவிடத் தூக்கக் குறைவுதான். 11.15க்குக் கிளம்பினால் சாப்பாடு கொடுத்துத் தட்டை எடுக்க ஒரு மணி ஆகிவிடும். மூன்றேகாலுக்கெல்லாம் இருக்கையை நிமிர்த்தச் சொல்லி எழுப்பிவிடுவார்கள். இரண்டு மணி நேரத் தூக்கம். நான் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, ஏறியதும் "சாப்பாட்டுக்கு எழுப்பாதீங்க" என்று பணிப்பெண்ணிடம் சொல்லிவிடுவேன். காசு கொடுத்த சாப்பாட்டை விடுவதா என்று என் மனைவிக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

வாசல் முதல் வாசல் வரை

தஞ்சாவூர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சென்னை வழியாகப் போனால், விமான நிலையத்துக்குச் சாலையில் ஆறு மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். விமானம் 4 மணி 25 நிமிடம். சாங்கியில் குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் சேர்த்து ஒரு மணி. அங்கிருந்து நகருக்குள் இருக்கும் தேக்காப் பகுதிக்கு எம்ஆர்டி ரயிலில் ஐம்பது நிமிடம். கூட்டினால் பதினைந்தேகால் மணி நேரம்.

அவரே திருச்சியில் ஏறினால்? திருச்சி–சாங்கி நேர்தூரம் 2,980 கிலோமீட்டர். சென்னையைவிட அறுபது கிலோமீட்டர்தான் கூடுதல். விமானத்துக்கு அது நான்கைந்து நிமிடம். வீட்டிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி. மொத்தம் பத்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் மிச்சம். கட்டணம் ஆயிரம் இரண்டாயிரம் கூட இருந்தாலும், வழியனுப்ப வேன் பிடித்துச் சென்னை வரும் பத்துப் பேரின் செலவையும் சேர்த்துப் பாருங்கள். புதுக்கோட்டை, கும்பகோணம், காரைக்குடிக்காரர்களுக்கும் இதே கணக்குதான். கோயம்புத்தூர்ப் பக்கத்தினர், கோவையிலிருந்தே நேரடி விமானம் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். அது சுமார் 3,160 கிலோமீட்டர்.

மாறிப் போகும் விமானங்களில்தான் தூரக் கணக்கு நன்றாக ஏமாற்றும். கோலாலம்பூர் கிட்டத்தட்ட நம் நூலின் மேலேயே இருக்கிறது. சென்னை–கோலாலம்பூர் 2,630, அங்கிருந்து சாங்கி 300, ஆக 2,930. சுற்றுவழியே இல்லை. ஆனால் நேரம்? முதல் விமானம் நான்கு மணி, நடுவில் காத்திருப்பு மூன்று மணி, அடுத்தது ஒரு மணிக்கு மேல். எட்டு மணி நேரம் போய்விடும். கொழும்பு வழியோ 3,400 கிலோமீட்டர், உண்மையிலேயே சுற்று.

மாறிப் போவதென்றால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். ஒருமுறை மலிவாக வருகிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தேன். முதல் விமானம் ஒன்றரை மணி தாமதம். என் பெட்டி வந்து சேர்வதற்குள் இரண்டாவதன் கவுன்டரை மூடிவிட்டார்கள். தனித்தனி டிக்கெட் என்பதால் யாருக்கும் பொறுப்பில்லை. மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு கொடுத்து அடுத்த விமானத்தில் போனேன். கோலாலம்பூரில் இரண்டு டெர்மினல்கள் வேறு, ரயிலிலோ பஸ்ஸிலோதான் மாற வேண்டும். சாங்கியிலும் நான்காவது டெர்மினல் மட்டும் தனியே ஒதுங்கி நிற்கிறது. மற்ற மூன்றுக்கும் இடையே பறக்கும் ரயில் ஓடினாலும் இதற்கு பஸ்தான். அழைக்க வருகிறவரிடம் டெர்மினல் எண்ணைச் சொல்ல மறக்காதீர்கள்.

கிளம்பும் முன் ஒன்று. சிங்கப்பூர் வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளத்தில் நிரப்பினால் நீங்கள் வேறு எங்கோ போயிருக்கிறீர்கள். இதை வீட்டிலேயே முடித்துவிட்டால் சாங்கி வரிசையில் நின்று போனைத் தடவிக்கொண்டிருக்கும் கால்மணி மிச்சமாகும்.

சித்தப்பாவுக்குக் கடைசியில் ஒரு துண்டுத்தாளில் இப்படி எழுதிக் கொடுத்தேன், அவர் அதை பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்: "வீட்டைவிட்டுக் கிளம்புவது மாலை 6.45. விமானம் இரவு 11.15. இறங்குவது நம் நேரம் விடியற்காலை 3.40, அவர்கள் நேரம் 6.10. தம்பி வெளியே காத்திருப்பது அவர்கள் நேரம் 7.15. அதுவரை அவனுக்கு போன் பண்ண வேண்டாம். சித்திக்கும் வேண்டாம், அவள் தூங்கட்டும்." அவர் 6.20க்கே இருவருக்கும் போன் பண்ணிவிட்டார்.